பிளஸ் டூவில் மதிப்பெண் குறைந்துவிட்டது: கல்லூரிச் சேர்க்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ எழுதி, 600-க்கு 300, 350 என்ற அளவில் மதிப்பெண் வாங்கிய மாணவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட பக்கம் இது. மேல்நிலைப் பள்ளியில் பல ஆண்டுகள் வகுப்பாசிரியராக இருந்த எனக்கு, தேர்வு முடிவு வெளியாகும் ஒவ்வொரு மே மாதமும் ஏறத்தாழ இதே கேள்விகள்தாம் வந்தன.

என் மகன் 600-க்கு 344 எடுத்திருக்கிறான். எந்தக் கல்லூரியிலாவது இடம் கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் 344 என்ற கூட்டுத்தொகையை முதலில் ஒதுக்கி வையுங்கள். உறவினர்கள் கேட்பது அந்த எண்ணைத்தான் என்றாலும், சேர்க்கையில் அதற்குப் பெரிய வேலை இல்லை. ஒரே மதிப்பெண் பட்டியலைப் பொறியியல் கலந்தாய்வு ஒரு விதமாகவும் அரசு கலைக் கல்லூரி வேறு விதமாகவும் படிக்கும். பாலிடெக்னிக் முடித்த பின் நடக்கும் சேர்க்கை அதைத் தரவரிசைக்கு எடுத்துக்கொள்வதே இல்லை.

ஒரு பட்டியலை எடுத்துக்கொள்வோம். தமிழ் 82, ஆங்கிலம் 55, கணிதம் 41, இயற்பியல் 46, வேதியியல் 49, கணினி அறிவியல் 71. கூட்டினால் 344. பொறியியல் கலந்தாய்வுக்கு இதில் மூன்று பாடங்களே தேவை. கணிதம் அப்படியே 41, இயற்பியலில் பாதி 23, வேதியியலில் பாதி 24.5, ஆக 200-க்கு 88.5 கட்-ஆஃப். அரசு கலை அறிவியல் கல்லூரியில் மொழிப்பாடங்கள் இரண்டையும் நீக்கிவிட்டு மற்ற நான்கையும் கூட்டுவார்கள். அங்கே இவர் 400-க்கு 207. அதே கல்லூரியில் பி.ஏ. தமிழ் இலக்கியத்துக்கு விண்ணப்பித்தால் தமிழ்ப் பாடத்தின் 82 மட்டுமே கணக்கு. 88.5, 207, 82 ஆகிய மூன்றும் ஒரே மாணவருடைய எண்கள்தாம் என்றாலும், அவற்றில் ஒன்றே ஒன்றைப் பார்த்துத்தான் வீட்டில் பெரும்பாலும் முடிவு எடுக்கப்படுகிறது. ஆகவே முதல் வேலையாக, ஒரு தாளில் இந்தக் கணக்குகளைத் தனித்தனியாகப் போட்டு வையுங்கள்.

கட்-ஆஃப் 88.5 என்றால் பி.இ. படிக்கத் தகுதி உண்டா?

உண்டு. தகுதியைத் தீர்மானிப்பது கட்-ஆஃப் அன்று. கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றின் சராசரி. பொதுப்பிரிவினருக்கு 45 விழுக்காடும், பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு 40 விழுக்காடும் வேண்டும். மேலே சொன்ன மாணவரின் மூன்று பாடங்களும் சேர்ந்து 136 வருவதால் சராசரி 45.33. எந்தப் பிரிவைச் சேர்ந்தவராக இருந்தாலும் அவர் விண்ணப்பிக்கலாம்.

தமிழ்நாட்டில் பொறியியலுக்கான மாநில நுழைவுத் தேர்வு 2007-ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து நடத்தப்படுவதில்லை என்பதால், தரவரிசைக்கு இந்த 200-க்கான எண் தவிர வேறு எதுவும் தேவையில்லை. 90-ஐ ஒட்டிய கட்-ஆஃப் வைத்திருப்பவரின் முறை கடைசிச் சுற்றில்தான் வரும். அதற்குள் அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாகக் கல்லூரிகளும், அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளும், பெயர் பெற்ற தனியார் கல்லூரிகளும் பெரும்பாலும் நிரம்பியிருக்கும். எஞ்சிய தனியார் கல்லூரிகளில் ஆண்டுதோறும் பல்லாயிரம் இடங்கள் ஆளில்லாமல் கிடக்கின்றன. ஆகவே இடம் கிடைப்பது உறுதி என்றே சொல்லலாம். அதற்காக மகிழ்ச்சியடைவதற்கு முன் அடுத்த பதிலையும் படித்துவிடுங்கள்.

அப்படிக் கிடைக்கும் இடத்தில் சேர்க்கலாமா?

என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே மிகவும் முக்கியமானது இதுதான். ஆனால் பெற்றோர் இதைக் கேட்பது அபூர்வம். உள்ளே போவதைப் பற்றி விசாரிக்கிறார்களே தவிர, நான்கு ஆண்டு கழித்து வெளியே வருவதைப் பற்றி விசாரிப்பதில்லை.

கணிதத்தில் 41 எடுத்தவர் பி.இ. முதல் பருவத்தில் சந்திக்கும் முதல் தாள்களில் ஒன்று கணிதம். இரண்டாம் பருவத்திலும் கணிதம் உண்டு. அதற்குப் பிறகு பல துறைகளில் சிக்னல்களோ கட்டமைப்பு ஆய்வோ எதுவானாலும், அந்த முதலாண்டுக் கணிதம் தெரியும் என்ற நம்பிக்கையில்தான் பாடத்தைத் தொடங்குவார்கள். முதல் பருவத்தில் விழும் இரண்டு அரியர், அடுத்த பருவத்தின் புதிய தாள்களோடு சேர்ந்து ஏழெட்டாகி, மூன்றாம் ஆண்டில் பையன் வீட்டில் எதுவும் பேசாமல் இருக்கும் நிலைக்கு வந்துவிடுவதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களில் பார்த்திருக்கிறேன்.

41 எதனால் வந்தது என்று கண்டுபிடிப்பதுதான் இங்கே தேவை. உடல்நலக் குறைவா, வீட்டில் ஏதேனும் இழப்பா, ஆசிரியர் இல்லாமல் ஓராண்டு ஓடிவிட்டதா, அல்லது பத்தாம் வகுப்பிலிருந்தே கணக்கு வராதா? முதல் மூன்றில் ஒன்று காரணமென்றால் பொறியியலில் சேர்வதில் தவறில்லை. கோடை விடுமுறையில் பிளஸ் ஒன் புத்தகத்திலிருந்து வகைநுண்கணிதத்தையும் அணிகளையும் திரும்பப் படித்துவிட்டுப் போகட்டும். நான்காவதுதான் காரணமென்றால், இடம் கிடைக்கிறது என்பதற்காகவே எடுத்துக்கொள்வது அவருக்குச் செய்யும் உதவியாகாது.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் பேருந்து வசதியையும் பார்ப்பதற்கு முன், அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளைப் பற்றிப் பருவந்தோறும் வெளியிடும் தேர்ச்சி விழுக்காட்டைப் பாருங்கள். குறைந்த கட்-ஆஃபில் கிடைக்கும் கல்லூரிகள் எல்லாம் ஒன்றுபோல இருப்பதில்லை. ஒரே மாவட்டத்தில், ஒரே கட்டணத்தில், தேர்வு எழுதியவர்களில் பாதிப்பேருக்கு மேல் தேறும் கல்லூரியும் உண்டு, கால்வாசிப் பேர்கூடத் தேறாத கல்லூரியும் உண்டு. விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரியை வேண்டுமானாலும் வரிசைப்படுத்தலாம் என்பதால், இந்த விழுக்காட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அறுபது எழுபது கல்லூரிகளைக் கொடுப்பதில் நட்டம் எதுவும் இல்லை. பத்தே பத்தைக் கொடுத்துவிட்டு ஒதுக்கீடு வரவில்லை என்று தவிப்பவர்கள்தாம் அதிகம்.

மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்த்துவிட்டால் நல்ல கல்லூரி கிடைக்காதா?

சிறுபான்மை அல்லாத தனியார் பொறியியல் கல்லூரிகள் தம் இடங்களில் 65 விழுக்காட்டைக் கலந்தாய்வுக்குக் கொடுத்துவிட்டு 35 விழுக்காட்டைத் தாமே நிரப்பிக்கொள்ளலாம். சிறுபான்மைக் கல்லூரிகளில் இது பாதிக்குப் பாதி. இதிலும் குறைந்தபட்சத் தகுதி மதிப்பெண் உண்டு. பெயர் பெற்ற கல்லூரியில் இந்த ஒதுக்கீட்டுக்குப் பெரும் போட்டி இருக்கும். மற்ற கல்லூரிகளிலோ, கலந்தாய்விலேயே காலியாகக் கிடக்கும் இடத்துக்கு நீங்கள் கூடுதல் கட்டணம் கட்டுகிறீர்கள் என்று பொருள். அதோடு, கலந்தாய்வு வழியாகச் சேரும் முதல் பட்டதாரிக்குக் கிடைக்கும் கல்விக் கட்டணச் சலுகையும் போய்விடும்.

நன்கொடை கேட்டால், கட்டாய நன்கொடை வசூலிப்பதைத் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1992 முதல் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். ரசீது தராத பணத்தைக் கொடுக்காதீர்கள். கல்லூரி வாசலிலும் பேருந்து நிலையத்திலும் நின்று, சீட்டுக்குத் தான் பொறுப்பு என்று பேசுகிறவர் அந்தக் கல்லூரியிடம் தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்பவராகவே பெரும்பாலும் இருப்பார்.

பாலிடெக்னிக் போனால் பின்னடைவு இல்லையா? பத்தாவது படித்தவர்கள்தானே அங்கே போவார்கள்?

இந்தத் தயக்கத்தால் பல மாணவர்கள் தமக்கிருந்த நல்ல வழியை விட்டுவிட்டார்கள். பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு டிப்ளமோ மூன்று ஆண்டு. பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்துத் தேறியவர்களும், தொழிற்பிரிவில் தேறியவர்களும், பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர்களும் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஆகவே உங்கள் மகனுக்கு அது இரண்டு ஆண்டுப் படிப்பு.

டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்வதற்குத் தனிக் கலந்தாய்வு நடக்கிறது. அந்தத் தரவரிசை டிப்ளமோ மதிப்பெண்ணைக் கொண்டே தயாரிக்கப்படும். பிளஸ் டூவின் 88.5 அங்கே யார் கண்ணிலும் படாது. முதலாண்டுப் பாடங்களையும் எழுத வேண்டியதில்லை. டிப்ளமோ இரண்டு ஆண்டு, பி.இ. மூன்று ஆண்டு, மொத்தம் ஐந்து. நேராகப் பி.இ. சேர்பவரைவிட ஓர் ஆண்டுதான் கூடுதல். அந்த ஓராண்டுக்கு ஈடாக, கையில் ஒரு டிப்ளமோ இருக்கும், பட்டறையில் லேத் ஓட்டியும் பேனல் போர்டுக்கு வயரிங் செய்தும் பழகிய கை இருக்கும், பி.இ. சேர விருப்பமில்லாவிட்டால் அங்கேயே வேலைக்குப் போகலாம். கரும்பலகையில் புரியாத மின்சுற்று, மல்டிமீட்டரைக் கையில் கொடுத்ததும் புரிந்துவிடுகிற மாணவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் நான் சொல்வது இந்த வழியைத்தான், அதுவும் அரசு பாலிடெக்னிக்கில் இடம் இருந்தால் இரண்டாவது யோசனையே வேண்டாம்.

டிப்ளமோவிலும் சராசரி குறைந்துவிட்டால் இந்தக் கணக்கு கெட்டுப்போகும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அரசு கலை அறிவியல் கல்லூரியில் 400-க்கு 207 எடுத்தால் இடம் வருமா?

மாநிலம் முழுவதும் 160-க்கு மேற்பட்ட அரசு கலை அறிவியல் கல்லூரிகள் இருக்கின்றன; ஒரே இணையதளத்தில் விண்ணப்பித்து, பல கல்லூரிகளையும் ஒவ்வொன்றிலும் பல பாடப்பிரிவுகளையும் தேர்ந்தெடுக்கலாம். குறைந்தபட்சத் தகுதி பிளஸ் டூ தேர்ச்சிதான். மற்றபடி தரவரிசையும் இடஒதுக்கீடும் முடிவு செய்யும்.

சென்னை, கோவை, திருச்சி, மதுரை போன்ற நகரங்களின் பழைய கல்லூரிகளில் பி.காம்., கணினி அறிவியல் ஆகிய இரண்டுக்கும் கூட்டம் மிகுதி. 207 அங்கே எடுபடாது. அதே மாணவர், வட்டத் தலைநகரங்களில் பிற்காலத்தில் தொடங்கப்பட்ட கல்லூரியில் இயற்பியல், புள்ளியியல், வரலாறு, பொருளியல் போன்ற பிரிவைக் கேட்டால் நிலைமை மாறும். முதல் சுற்றில் பெயர் வராவிட்டால் ஒதுங்கிவிடாதீர்கள். பொறியியல், வேளாண்மை, சட்டம் என்று வேறிடங்களுக்கு மாறிப் போகிறவர்களால் ஜூலை, ஆகஸ்டு வரை இங்கே இடங்கள் காலியாகிக்கொண்டே இருக்கும். காலியிடம் பற்றிய அறிவிப்பு வரும் நாளில் கல்லூரிக்கு நேரில் போய் நிற்பவருக்கே அது கிடைக்கும்.

அரசு உதவிபெறும் கல்லூரிகள் தனியாக விண்ணப்பம் தருகின்றன. உதவிபெறும் பிரிவில் இடம் கிடைக்காவிட்டால், அதே கல்லூரி இரண்டாம் ஷிப்டில் நடத்தும் சுயநிதிப் பிரிவில் கிடைக்கலாம். கட்டணம்தான் கூடும், பட்டம் ஒன்றேதான்.

இலக்கியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் 82 வைத்துக்கொண்டு, வேறு எதுவும் கிடைக்காததால் பி.ஏ. தமிழ் சேர்ந்தேன் என்று சொல்லிக்கொள்பவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். தான் உண்மையில் நன்றாகச் செய்த பாடத்தைத்தான் அவர் படிக்கப் போகிறார்.

மதிப்பெண்ணைக் கூட்டிக்கொள்ள மறுபடியும் தேர்வு எழுதலாமா?

மாநிலப் பாடத்திட்டத்தில் ஒரு பாடத்தில் தேறியவர், மதிப்பெண்ணை உயர்த்துவதற்காக அதை மறுபடி எழுத முடியாது. விடைத்தாளைச் சோதிக்க மட்டும் வழி உண்டு. முடிவு வந்த சில நாள்களுக்குள் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்து, அது வந்தபின் மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ போகலாம். நகலைப் பாட ஆசிரியரிடம் காட்டாமல் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். எதிர்பார்த்ததைவிடக் குறைந்துவிட்டது என்பது காரணமாகாது. நான்காம் பக்கத்தில் ஐந்து மதிப்பெண் வினா திருத்தப்படாமல் விடப்பட்டிருக்கிறது என்பதுதான் காரணம்.

ஒரு பாடத்தில் தேறவில்லை. இந்த ஆண்டு போய்விட்டதா?

போகவில்லை. துணைத் தேர்வு அடுத்த ஓரிரு மாதங்களிலேயே நடந்து, முடிவும் உடனே வந்துவிடுகிறது. அதில் தேறியவர்களுக்காகப் பொறியியலில் துணைக் கலந்தாய்வு உண்டு. கலைக் கல்லூரிகளில் எஞ்சிய இடங்களிலும் சேரலாம். துணைத் தேர்வு எழுத மனமில்லாத நிலையில் இருந்தால், பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே ஐ.டி.ஐ.யில் சேர முடியும். கல்லூரிக்குப் போகாமல் நின்றுவிட்ட மாணவர்களைத் தேடி மாவட்டந்தோறும் உயர்வுக்குப் படி என்ற பெயரில் முகாம்கள் நடத்தப்படுகின்றன. பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

பிளஸ் டூ மதிப்பெண்ணைத் தரவரிசைக்கு எடுத்துக்கொள்ளாத பட்டப்படிப்புகள் உண்டா?

சில உண்டு. மத்தியப் பல்கலைக்கழகங்கள் 2022 முதல் பொது நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டு இளநிலைச் சேர்க்கையை நடத்துகின்றன. திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகமும் அவற்றில் ஒன்று. படிப்புக்குப் படிப்பு ஒரு குறைந்தபட்ச விழுக்காடு இருக்கும். அதைத் தாண்டிவிட்டால் பிறகு நுழைவுத் தேர்வு மதிப்பெண்தான் பேசும். ஆனால் விண்ணப்பத்தைப் பிளஸ் டூ முடிவு வருவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும்.

சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய தரவு அறிவியல் பி.எஸ். பட்டத்துக்கு ஜே.இ.இ. என்ற தேசியப் பொறியியல் நுழைவுத் தேர்வு தேவையில்லை. விண்ணப்பித்தவர்களுக்கு நான்கு வாரப் பாடத்தை இணையத்தில் நடத்தி, அதிலிருந்தே தகுதித் தேர்வு வைக்கிறார்கள். தேறியவர்களுக்கு இடம் உண்டு, எண்ணிக்கைக்கு வரம்பு கட்டிப் பிறரை ஒதுக்குவதில்லை. கணிதமும் புள்ளியியலும் அந்த நான்கு வாரத்திலேயே கண்ணுக்கு முன் வந்துவிடுவதால், தனக்கு இது ஒத்துவருமா என்று சோதித்துப் பார்க்கவும் நல்ல இடம். தேசியத் தொழில்நுட்பக் கழகங்களான என்.ஐ.டி.க்களின் கதை வேறு. ஜே.இ.இ.யில் இடம் பிடித்தாலும் பிளஸ் டூவில் 75 விழுக்காடோ, தம் தேர்வு வாரியத்தில் முதல் 20 விழுக்காட்டினருக்குள்ளோ இருக்க வேண்டும். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 65 விழுக்காடு.

வணிகவியல் பிரிவில் படித்தவர், பட்டயக் கணக்காளர் ஆவதற்கான சி.ஏ. படிப்பின் அடிப்படைத் தேர்வைப் பிளஸ் டூ தேர்ச்சியோடு எழுதலாம். நுழைவது எளிது, தேறுவது மிகக் கடினம். அதை மட்டுமே நம்பாமல் பி.காம். ஒன்றிலும் சேர்ந்துகொள்வது நல்லது.

சலுகைகள் மதிப்பெண் குறைந்தவர்களுக்கும் பொருந்துமா?

பொருந்தும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் 2021 முதல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இவர்களுக்குத் தனித் தரவரிசை என்பதால், பொதுப் பட்டியலில் மிகவும் பின்னால் இருப்பவருக்கும் நல்ல கல்லூரி வாய்க்கக்கூடும்.

2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024-இல் மாணவர்களுக்காக வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. பட்டப்படிப்புக்கு மட்டுமல்லாமல் டிப்ளமோ, ஐ.டி.ஐ. படிப்பவர்களுக்கும் உண்டு, மதிப்பெண் நிபந்தனை கிடையாது.

வேலைக்குப் போய்க்கொண்டே தபால் வழியில் படிக்கலாமா?

குடும்பச் சூழல் அப்படியென்றால் படிக்கலாம். 2002-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் நம்பகமானவை. பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் முறையாகத் தேறிய பிறகு வாங்கும் பட்டத்தையே தமிழ்நாடு அரசு வேலைக்கு ஏற்றுக்கொள்கிறது. ஆகவே ஒரு பாடம் நிலுவையில் இருந்தால், முதலில் அதை முடித்துவிடுங்கள். தபால் வழியில் பி.இ. என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

பட்டம் வாங்கிய பிறகும் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கேட்பார்களா?

சில இடங்களில் கேட்பார்கள். வளாக நேர்காணலுக்கு வரும் மென்பொருள் நிறுவனங்களில் பல, பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டம் மூன்றிலும் 60 விழுக்காடு வேண்டும் என்று நிபந்தனை வைக்கின்றன. நம் மாணவரின் 344 என்பது 57.3 விழுக்காடு, அந்த நிறுவனங்களின் முதல் வடிகட்டலிலேயே அவர் பெயர் போய்விடும். இதைச் சேர்க்கையின்போதே சொல்லிவிடுவது நேர்மை. எல்லா நிறுவனங்களும் அப்படியல்ல. ஓரிரு ஆண்டு அனுபவம் வந்தபின் யாரும் பழைய பட்டியலைத் தேடுவதுமில்லை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதித் தேர்வுகளிலோ கல்வித் தகுதி இருந்தால் போதும், தேர்வில் எடுக்கும் மதிப்பெண்ணே கணக்கு.

விண்ணப்பத்துக்கு முன் எதைத் தயாராக வைத்திருக்க வேண்டும்?

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், தேவைப்பட்டால் முதல் பட்டதாரிச் சான்றிதழ். மூன்றையும் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள். மே மாதக் கடைசியில் அங்கே நிற்கும் வரிசை உங்களுக்கே தெரியும். மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் லேமினேஷன் செய்யாதீர்கள்; சரிபார்ப்பவர் பின்பக்கம் முத்திரை வைக்கவோ திருத்தம் எழுதவோ முடியாமல் திருப்பி அனுப்பிவிடுவார்.

அசல் சான்றிதழ்களை, சேர்வது என்று முடிவு செய்யாத எந்தக் கல்லூரியிலும் ஒப்படைக்க வேண்டாம். இடத்தை உறுதி செய்வதற்காக என்று ஜூன் மாதமே அசலை வாங்கி வைத்துக்கொண்டு, ஆகஸ்டில் அரசு கல்லூரியில் இடம் கிடைத்த என் மாணவி ஒருத்திக்கு அதைத் திருப்பித் தராமல் ஒரு கல்லூரி பத்து நாள் இழுத்தடித்தது. அசலைப் பிடித்து வைப்பதற்குக் கல்லூரிகளுக்கு உரிமை இல்லை என்று எழுத்தில் கொடுத்த பிறகே தந்தார்கள். அவள் சேர வேண்டிய கடைசி நாளுக்கு முதல் நாள் மாலை அது.